தரவுக் கிடங்கும் திறவுகோலும்

நெற்குதிர் தன் வீட்டினுள் இருக்கும்வரை ஒருவன் உழவன். அக் குதிர் அண்டை வீட்டிற்குப் பெயர்ந்து, அதன் திறவுகோலும் அண்டை வீட்டான் இடுப்பில் ஏறிவிட்டால், அவன் எத்துணைக் காணி உழுதாலும், நாளும் உலைவைக்கப் பிறன் வாயிலில் நின்று ஒப்புதல் கேட்பவனே ஆவான். இஃது உழவிற்கு மட்டும் உரிய உண்மையன்று. இந் நூற்றாண்டில் நெல்லினும் பொன்னினும் மேலாகத் தொகுத்துக் காக்கப்பெறுவது தரவு. பணமனையின் வைப்புக் கணக்கு, மருத்துவமனையின் நோயர் குறிப்பு, நில ஆவணம், பல்கலைக்கழகத்தின் தேர்ச்சிப் பட்டியல், பதிப்பகத்தின் நூற்படிகள், செய்தித்தாளின் அரைநூற்றாண்டு இதழ்கள் என யாவும் இன்று தரவாய்க் கிடங்குகளில் அடங்கிவிட்டன. ஒரு நிறுவனத்தின் நினைவு முழுவதும் அக் கிடங்கே. நினைவை இழந்தவன் பெயரையும் இழப்பான்.

'தரவு' என்பது இதற்கெனப் புதிதாய்ப் புனைந்த சொல்லும் அன்று. 'தா' என்னும் வினையடியில் பிறந்து, கலிப்பாவின் முதல் உறுப்பிற்குப் பெயராய் நின்ற பழந்தமிழ்ச் சொல்லே அது. தரப்படுவது தரவு. தந்ததைக் காக்கும் கடமை பெற்றவனுக்கு உண்டு என்பதை அச் சொல்லே உணர்த்தும். அக் கடமையை ஆற்றும் கிடங்குகள் இனி எவ்வாறு அமையும், எவர் கையில் அமையும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வட்டு எவ்வளவு பெருக்கும், பொறி எவ்வளவு விரையும் என்பன அதற்கு அடுத்த வினாக்களே.

குடிக்கூலியில் தொடங்கிக் குடிக்கூலிக்கே திரும்பிய வரலாறு

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் இராமாக்கு என்னும் கணிப்பொறி அமைப்பை வெளியிட்டது. வணிகப் பயன்பாட்டிற்கு வந்த முதல் காந்த வட்டுத் தேக்ககம் அதனுள்தான் இருந்தது. இரண்டு அடி குறுக்களவுடைய 50 வட்டுகளை ஒரே அச்சில் கோத்து, ஏறத்தாழ ஒரு டன் எடையில் நின்ற அப் பேழை 50 இலக்கம் எழுத்துகளைத் தாங்கிற்று. அவ்வமைப்பைத் திங்களுக்கு 3,200 தாலர் குடிக்கூலிக்கு விட்டனர். பொறி ஐ.பி.எம்.முக்கு உரியது, அதனுள் கிடந்த கணக்கு மட்டுமே கொண்டவனுக்கு உரியது. கூலிக்கு மட்டுமே விடும் இவ் வழக்கத்தை அமெரிக்க அரசே ஒப்பவில்லை. பொறிகளை விலைக்கும் விற்றாக வேண்டும் என்னும் உடன்பாட்டிற்கு அந் நிறுவனம் அதே 1956-இல் உட்படுத்தப்பட்டது.

அதன் பின்னர் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் கிடங்கு நிறுவனங்களின் சொந்த உடைமையாய் வளர்ந்தது. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்சு ஆகிய மூவரும் ஓர் அரிய கருத்தை நிறுவினர். விலையுயர்ந்த ஒரு பெருவட்டை நம்புவதினும், மலிவான சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, ஒன்று பழுதுறினும் ஏனையவை அதன் உள்ளீட்டை மீட்டுத் தருமாறு அமைப்பதே மேல் என்பது அக் கருத்து. கூட்டத்தின் வலிமையை உணர்ந்த அவ் வறிவு தொழில் உலகம் முழுவதையும் மாற்றிற்று. பணமனைகளும் ஆலைகளும் தத்தம் கட்டடங்களில் தத்தம் வட்டடுக்குகளை நிறுத்திக்கொண்டன. திறவுகோல் வீட்டில் இருந்தது.

2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமேசான் நிறுவனம் தன் கிடங்கைப் பிறர்க்கு அளவிட்டுக் கூலிக்கு விடும் பணியைத் தொடங்கிற்று. வைக்கும் அளவிற்குக் கூலி. பொறி வாங்க முதல் வேண்டா. காக்க ஆளும் வேண்டா. பிறரும் அவ் வழியே வந்தனர். இன்று உலகில் கூலிக்கு விடப்படும் கணிமைக் கட்டமைப்பில் ஐந்தில் மூன்று பங்கிற்கு மேல் அமேசான், மைக்குரோசாப்ட்டு, கூகுள் என்னும் மூன்று அமெரிக்க நிறுவனங்களின் கையில் உள்ளது. 1956-இல் ஒரு நிறுவனம் கூலிக்கு விட்டபோது, பொறியாவது கொண்டவன் கட்டடத்தில் நின்றது. இன்று பொறியும் அங்கே, தரவும் அங்கே, இங்கிருப்பது கூலிச்சீட்டு மட்டுமே.

முகில் என்னும் பெயர்

இக் கூலிக் கிடங்கிற்கு 'முகில்' என்று பெயரிட்டவர் வணிகம் அறிந்தவர். முகில் வானத்தது, எவருக்கும் உரியதன்று, எல்லார்க்கும் பொழிவது. வள்ளன்மைக்கே உவமையாகத் தமிழர் கண்டது. அவ் வுவமையின் நிழலில் நின்று கூலி தண்டுவது எளிதாயிற்று. ஆனால் இம் 'முகில்' வானத்தில் இல்லை. அது மண்ணில், வேலியிட்ட நிலத்தில், காவலர் நிற்கும் கட்டடத்தில், ஒரு நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டு நிற்கும் கிடங்கு. அது குடிக்கும் நீர் ஊர்நீர். அது கொள்ளும் மின்சாரம் நாட்டு மின்சாரம். அயர்லாந்தில் 2023-ஆம் ஆண்டு அளவியிட்டு வழங்கப்பட்ட மின்சாரத்தில் 21 விழுக்காடு தரவு நடுவங்களுக்கே சென்றது என அந் நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் கணக்குத் தந்துள்ளது. நூற்றுக்கு இருபத்தொன்றை உண்ணும் முகில் எவ்வானத்திலும் இல்லை.

சொல் தெளிவானால் பொருள் தெளியும். 'முகிலில் வைத்தேன்' என்னும்போது அச்சம் எழுவதில்லை. 'பிறன் கிடங்கில் கூலிக்கு வைத்தேன்' என்னும்போது, எவன், எந் நாட்டான், எத்துணை நாள், திருப்பித் தருவானா என்னும் நான்கு வினாக்களும் தாமே எழும்.

நான்கு வினாக்களுக்கு நடப்பு தந்த விடை

இவ்வினாக்கள் வெற்று ஐயங்கள் அல்ல என்பதை அண்மை ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் காட்டும்.

2013-ஆம் ஆண்டு இறுதியில், அயர்லாந்தின் தபுலின் நகரக் கிடங்கில் இருந்த மின்னஞ்சல்களைக் கேட்டு, அமெரிக்க அறமன்றம் ஒன்று மைக்குரோசாப்ட்டு நிறுவனத்திற்கு ஆணையிட்டது. பிறநாட்டு மண்ணில் உள்ளதைத் தர இயலாதென அந் நிறுவனம் வழக்காடி, 2016-இல் மேல்முறையீட்டு மன்றத்தில் வெற்றியும் பெற்றது. வழக்கு மீயுயர் மன்றத்தின்முன் இருக்கும்போதே, 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. அமெரிக்க ஆள்வரைக்கு உட்பட்ட நிறுவனம் வைத்திருக்கும் தரவு, உலகின் எம் மண்ணில் இருப்பினும் முறைப்படியான ஆணைக்கு அது தரப்பட வேண்டும் என்பது அச் சட்டம். வழக்கு அத்துடன் முடிந்தது. கிடங்கு எந் நாட்டில் உள்ளது என்று பார்ப்பது மட்டும் போதாது. கிடங்குடையான் எந் நாட்டான் என்றும் பார்க்கவேண்டும் என்பது அன்று உறுதியாயிற்று.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் குசராத்தில் பேராலை நடத்தும் நயாரா என்னும் எண்ணெய்த் தூய்விப்பு நிறுவனத்திற்கு, மைக்குரோசாப்ட்டு நிறுவனம் தன் பணிகளைத் திடுமென நிறுத்திற்று. உருசிய நிறுவனம் ஒன்று பங்குடையதாய் இருந்தமையால் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்திருந்தது. தடை விதித்தது ஐரோப்பா. நிறுத்தியது அமெரிக்க நிறுவனம். செயலற்று நின்றது இந்திய ஒன்றியத்துள் இயங்கும் ஆலையின் அலுவலகம். கூலியை முறையாகச் செலுத்தியும் தன் தரவையே தான் எட்ட இயலவில்லை என்று அது தில்லி உயர் அறமன்றத்தை நாடியபின், அத் திங்கள் இறுதியில் பணிகள் மீண்டன. அவ்வாலையின் உடைமை பற்றியோ உருசியா பற்றியோ ஒருவர் எக் கருத்தும் கொள்ளலாம். ஈண்டுப் பார்க்கத்தக்கது ஒன்றே: பூட்டியவன் கையில்தான் திறவுகோல் இருந்தது.

பகைமையோ தடையோ இன்றி, வெறும் பிழையாலும் கிடங்கு மறையக்கூடும். 2024-ஆம் ஆண்டு மே திங்களில், ஆறு இலக்கத்திற்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஆத்திரேலிய ஓய்வூதிய நிறுவனத்தின் கூலிக் கிடங்கைக் கூகுள் நிறுவனம் தவறுதலாக அழித்துவிட்டது. அமைப்பின்போது நேர்ந்த ஒரு சிறு பிழையே ஏது. உறுப்பினர் பல நாள் தம் கணக்கைக் காண இயலவில்லை. அந் நிறுவனத்தைக் காத்தவற்றுள் ஒன்று, அது வேறொரு நிறுவனத்தின் கிடங்கிலும் காப்புப்படி வைத்திருந்த முன்னறிவே.

கூலிக் கிடங்கினின்று தரவை வெளியே எடுப்பதற்கும் கூலி உண்டு என்பது பலர் அறியாதது. தரவை உள்ளே கொணர்தல் பெரும்பாலும் விலையில்லாதது. வெளியே எடுத்துச்செல்லப் பெரும்பாலும் அளவிற்கேற்பப் பணம் கட்டவேண்டும். வரும் வழி அகலம், போகும் வழி குறுகல் என்பது எலிப்பொறியின் இயல்பு. ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்து இயற்றிய தரவுச் சட்டம் 2025-ஆம் ஆண்டு செபுதம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கிடங்கிலிருந்து இன்னொருவர் கிடங்கிற்கு மாறுவோரிடம் மாற்றுக்கூலி தண்டுவதை 2027-ஆம் ஆண்டு சனவரி 12 முதல் அச் சட்டம் முற்றும் விலக்குகிறது. வாயிலின் அகலத்தைச் சட்டத்தால் அளக்கவேண்டிய நிலை வந்துவிட்டது.

சொந்தக் கிடங்கும் எரியும்

ஆயின், எல்லாவற்றையும் சொந்தக் கட்டடத்துள் அடைத்துப் பூட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவாரும் உண்டு. அவர்க்குத் தென்கொரியா விடை தந்துவிட்டது.

2025-ஆம் ஆண்டு செபுதம்பர் 26 இரவு, அந் நாட்டின் தேசோன் நகரில் உள்ள அரசுத் தரவு நடுவத்தில், இலித்தியம் மின்கலங்களை இடம்பெயர்க்கும் பணியின்போது தீப்பற்றிற்று. அதனை அவிக்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. 709 அரசுப் பணியமைப்புகள் நின்றுபோயின. அவற்றுள் ஒன்று அரசு அலுவலர் தம் கோப்புகளை வைக்கும் பொதுத் தேக்ககம். ஏறத்தாழ 1,25,000 அலுவலர் பயன்படுத்திய அதில் இருந்த 858 டெராபைட்டுத் தரவும் எரிந்து அழிந்தது. வேறிடத்தில் படி இல்லை. அளவு பெரிது, வேகம் குறைவு, ஆகலின் வெளியே படியெடுக்க இயலவில்லை என்பது சொல்லப்பட்ட விளக்கம். கோப்புகள் அனைத்தையும் தம் கணிப்பொறியில் வையாது அப் பொதுத் தேக்ககத்திலேயே வைக்கவேண்டும் என்று கண்டிப்புடன் நடந்த அமைச்சகமே மிகுதியும் இழந்தது. ஆணைக்கு அடங்கியவர் இழந்தனர். அடங்காது தம் மேசையில் ஒரு படி வைத்திருந்தவர் பிழைத்தனர்.

பிரான்சின் இசுட்ராசுபர்க்கு நகரில் 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-இல் ஓ.வி.எச். நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோதும் இதுவே நேர்ந்தது. காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

தமிழர்க்கு இப் பாடம் புதிதன்று. 1981-ஆம் ஆண்டு மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பிற இடங்களில் படி இருந்த நூல்களைப் பின்னர்த் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே படியாய் இருந்த சுவடிகள் மீளவே இல்லை. அங்கே தீயிட்டது மாந்தர் வெறி. தேசோனில் தீயிட்டது மின்கலம். சாம்பலில் வேறுபாடு இல்லை. ஒரே இடத்தில், ஒரே படியாய் இருப்பது எதுவும் காக்கப்பட்டதன்று. அழிவிற்கு நாள் குறிக்கப்பட்டது என்றே கொள்க.

பெயர்த்தெழுதும் கடமை

கிடங்கின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அளவையே வியப்பர். வியப்பதற்கும் பொருள் உண்டு. 2024-இல் வெளிவந்த ஒரு வன்தட்டு 30 டெராபைட்டுத் தாங்குகிறது. எழுத்தளவில் அது 1956-இன் இராமாக்குப் பேழையைப்போல் 60 இலக்கம் மடங்கு. சப்பானியப் பொறிஞர் பூசியோ மசுவோகா தோசிபா நிறுவனத்தில் கண்ட மின்நினைவுச் சில்லு, சுழலும் வட்டையே விரைவுப் பணிகளினின்று விலக்கி வருகிறது. செத்துவிட்டதெனப் பலமுறை சொல்லப்பட்ட காந்த நாடாவோ, 2000-ஆம் ஆண்டில் 100 கிகாபைட்டில் தொடங்கிய எல்.டி.ஓ. வரிசையில், 2025-இல் 30 டெராபைட்டைத் தொட்டு, நெடுநாட் காப்பிற்கு மலிவான வழியாய் இன்றும் வாழ்கிறது. 75 மில்லிமீட்டர்ச் சதுரக் கண்ணாடித் துண்டில் ஒரு முழுத் திரைப்படத்தைப் பொறித்து 2019-இல் காட்டினர். உயிரணுவின் மரபிழையான டி.என்.ஏ.வில் சேக்சுபியரின் 154 பதினான்கடிப் பாக்களையும் எழுதிப் படித்து 2013-இல் காட்டினர்.

இவ்வளவும் உண்மை. இவ் வியப்பினடியில் மறைந்து கிடப்பதும் உண்மையே. வன்தட்டு சில ஆண்டு உழைக்கும். மின்நினைவுச் சில்லு மின்னூட்டமின்றி நெடுநாள் கிடப்பின் உள்ளிருப்பதைக் கசியவிடும். காந்த நாடா முப்பதாண்டு இருக்கும் என்பர். ஆனால் அதைப் படிக்கும் பொறி இராது. எல்.டி.ஓ. பொறி தொடக்கத்தில் தனக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது; பின் ஒரு தலைமுறையாகக் குறைந்தது; 2025-இல் வந்த பத்தாம் தலைமுறைப் பொறி முந்திய நாடா எதனையும் படிப்பதில்லை. பொருள் இருந்தும் படிப்பாரின்றி ஊமையாய்க் கிடப்பதும் ஒருவகை அழிவே.

இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதிய 'டூம்சுடே' என்னும் நிலக்கணக்கு நூல் இன்றும் கண்ணால் படிக்கத்தக்கதாய் இருக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவிற்காக பி.பி.சி. நிறுவனம் 1986-இல் தொகுத்த வட்டுகளோ, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டிலேயே படிக்கும் பொறி அருகிப் படித்தற்கு அரியனவாயின. பின்னர் அறிஞர் முயன்றே அவற்றை மீட்டனர்.

பனையோலையில் எழுதிய தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலை என்றும் இராது, செல் அரிக்கும், முறியும், ஓரிரு நூற்றாண்டில் உதிரும். ஆகலின் அவர் ஓலையை நம்பவில்லை. பெயர்த்தெழுதும் வழக்கத்தை நம்பினர். தலைமுறைதோறும் ஒருவன் அமர்ந்து பழஞ்சுவடி பார்த்துப் புதுச்சுவடி எழுதியதாலேயே கழக இலக்கியம் ஈராயிரம் ஆண்டு கடந்து வந்தது. எழுதுவார் அற்ற வீட்டில் சுவடி செல்லுக்கு இரையாயிற்று. ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கும் போயிற்று. இன்றைய தரவுக் கிடங்கின் இயல்பும் இதுவே. அஃது ஒருமுறை வாங்கி நிறுத்தும் பொருளன்று. ஐந்தாண்டிற்கொருமுறை, பத்தாண்டிற்கொருமுறை ஒரு பொறியினின்று இன்னொரு பொறிக்குத் தரவைப் பெயர்த்தெழுதும் ஓயாப் பணி. இப் பணிக்கு ஆளும் அறிவும் பொருளும் ஒதுக்காத நிறுவனம், எவ்வளவு பெரிய வட்டு வாங்கினும், ஆடிப்பெருக்கிற்கே காத்திருக்கிறது.

தமிழ் எழுத்திற்கு நேர்ந்த பூட்டு

கிடங்கின் கதவில் இடும் பூட்டு ஒன்று. தரவின் உள்ளேயே அமைந்துவிடும் பூட்டு மற்றொன்று. இரண்டாவது பூட்டைத் தமிழர் நேரில் அறிவர்.

1980-களிலும் 1990-களிலும் தமிழ் அச்சகங்களும் செய்தித்தாள்களும் கணிப்பொறிக்கு மாறியபோது, எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஒருவர் எழுத்துருவில் அடித்தது மற்றவர் எழுத்துருவில் பொருளற்ற கிறுக்கலாயிற்று. இக் குழப்பத்தை நீக்க 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 2010-ஆம் ஆண்டு சூன் 23-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குகுறியையும், தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் பொதுநெறியாக ஆணையிட்டது. அதற்குள் ஒரு தலைமுறையின் நூல்கள் பழைய எழுத்துருக்களில் அடைபட்டுவிட்டன. வட்டு பழுதுறவில்லை, தீயும் பற்றவில்லை, எனினும் எழுத்துருவும் பக்க அமைப்பு மென்பொருளும் மறைந்தமையால் கோப்பைத் திறப்பாரில்லை. பல பதிப்பகங்கள் தாம் ஒருமுறை அடித்த நூலையே மறுபதிப்பிற்காக மீண்டும் முதலிலிருந்து அடிக்க நேர்ந்தது.

எனவே, கிடங்கு எவருடையது என்பதுபோன்றே, தரவு எவ் வடிவத்தில் உள்ளது என்பதும் உரிமை வினாவே. ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே படிக்கும் வடிவத்தில் தரவை வைப்பவன், சொந்த வீட்டில் பிறன் பூட்டை மாட்டியவன் ஆவான்.

சிறு நாடு காட்டும் வழி

எசுத்தோனியா ஏறத்தாழ 13 இலக்கம் மக்களே உடைய சிறு நாடு. 2007-இல் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிய அந் நாடு, தன் நிலம் பகைவர் கையில் வீழ்ந்தாலும் தன் அரசின் நினைவு வீழலாகாது என்று உறுதிபூண்டது. 2017-இல் இலக்சம்பர்க்கு நாட்டுடன் உடன்படிக்கை செய்து, அங்குள்ள தரவு நடுவத்தில் தன் மக்கட்பதிவு, நிலப்பதிவு முதலியவற்றின் படிகளை வைத்தது. அக் கிடங்கிற்குத் தூதரகத்திற்கு உரிய காப்புரிமை உண்டு. எசுத்தோனியாவின் ஒப்புதலின்றி எவரும் உட்புகல் இயலாது. இடம் பிறருடையது, திறவுகோல் தன்னுடையது. செருமனியின் சிலேசுவிக்கு-ஓல்சுடைன் மாநில அரசோ, மைக்குரோசாப்ட்டு நிறுவனத்தை நம்பியிருந்த நிலையை மாற்ற 2024-இல் முடிவெடுத்து, 2025-இல் 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. அது தனி நாடன்று, மாநிலமே. மாநிலம் என்பதால் கைகட்டி நிற்கவேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை.

தமிழ்நாட்டின் நிலை யாது? கடலடி வடங்கள் வந்தடையும் துறையாகச் சென்னை வளர்ந்துள்ளது. 2002-இலேயே சிங்கப்பூருடன் 3,200 கிலோமீட்டர் நீள வடத்தால் இணைக்கப்பட்டது. அதனாலேயே சென்னையும் புறநகரும் தரவு நடுவங்களுக்கு விரும்பப்படும் இடமாயின. 2021-இல் தமிழ்நாட்டரசு அவற்றை ஈர்க்கத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. தொழில் வருவது நன்றே. ஆயினும் நிலமும் நீரும் மின்சாரமும் தமிழருடையனவாய், அடுக்கும் பூட்டும் திறவுகோலும் பிறருடையனவாய் இருக்கும் கிடங்கால் தமிழினத்தின் நினைவு காக்கப்படும் என்று கருதுவது பேதைமை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் கிடந்தமையும், அவற்றைச் சென்னைக்குக் கொணர வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தமையும் எவரும் மறக்கத்தக்கன அல்ல. தமிழன் கல்லில் வெட்டியதைத் தமிழன் காண வழக்காடவேண்டியிருந்தது. மின்தரவிலும் அந் நிலை வந்தபின் வழக்காடுவதினும், வருமுன் காப்பதே அறிவுடைமை.

சொந்தக் கிடங்கு சிறு நிறுவனங்களுக்கு இயலாது, கூலிக் கிடங்கே மலிவு என்பார் கூற்றில் உண்மை உண்டு. நாட்பணிகளுக்குக் கூலிக் கிடங்கைப் பயன்படுத்துவதில் இழுக்கில்லை. யூனிசூப்பர் நிகழ்ச்சி கூலியை மட்டும் நம்பலாகாது என்றது. தேசோன் நிகழ்ச்சி சொந்தத்தை மட்டும் நம்பலாகாது என்றது. இரண்டும் சேர்ந்து காட்டுவது ஒரே வழி. இனிவரும் கிடங்கு ஒரு கட்டடமாய் இராது. பல இடங்களில், பல கைகளில் பரவி, ஒரே உரிமையாளன் ஆணைக்கு அடங்கியதாய் இருக்கவேண்டும். அவ் வழியில் தமிழ் நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்கன இவை:

முதலாவது, தரவு ஒவ்வொன்றிற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும். ஒன்றாவது வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஒரு படி வலைப்பின்னலோடு தொடர்பற்று, நாடாவிலோ கழற்றிய வட்டிலோ தனித்து உறங்கவேண்டும்.

இரண்டாவது, கூலிக் கிடங்கில் வைப்பதை மறைக்குறியாக்கியே வைத்தல் வேண்டும். அதன் மறைத்திறவுகோல் கிடங்குடையானிடம் இராது, தரவுடையானிடமே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் வெளியேறும் வழியை எழுதி வாங்குதல் வேண்டும்: எத்தனை நாளில், எவ் வடிவத்தில், எவ்வளவு செலவில் தரவு திரும்பும் என்று.

நான்காவது, தமிழ் உரைகள் யாவும் பொதுநெறிக் குறிமுறையிலும், எவரும் படிக்கவல்ல திறந்த வடிவங்களிலும் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடைபட்ட கோப்புகளை, அவற்றைத் திறக்க அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே மாற்றிவிடுதல் வேண்டும்.

ஐந்தாவது, பதிப்பகங்களும் இதழ்களும் தமிழமைப்புகளும் நூலகங்களும் தனித்தனியே இயலாததைக் கூட்டுறவாகச் செய்தல் வேண்டும். சென்னையில் ஒன்று, மதுரையிலோ கோவையிலோ ஒன்று, கடல் கடந்த தமிழர் வாழும் நாட்டில் ஒன்று எனப் பொதுக் கிடங்குகள் அமைப்பது எட்டாக் கனியன்று. 1998-இன் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய ஈழத்தமிழரின் நூலகத் திட்டமும் பெருமுதலாளி எவர் துணையுமின்றித் தன்னார்வலர் கையாலேயே வளர்ந்தவை. எரிந்த நூலகத்தின் மக்கள் மின்னூலகம் கட்டிக் காட்டினர்.

ஆறாவது, இத் துறையைத் தமிழில் கற்பித்தல் வேண்டும். உலகின் பெருங்கிடங்குகளில் தமிழ்ப் பொறிஞர் பலர் பணிபுரிகின்றனர். ஆனால் அக் கிடங்கின் உறுப்புகளைத் தமிழில் சொல்ல ஒரு பாடநூல் அரிது. படி, காப்புப்படி, வட்டடுக்கு, தேக்ககம், மறையீடு, மீட்பு எனச் சொற்கள் தமிழில் உள்ளன, வழங்குவார்தாம் குறைவு. தன் மொழியில் பெயரிடப்படாத பொருளைத் தனதென்று எண்ணும் துணிவு எவ்வினத்திற்கும் எளிதில் வாராது.

வட்டு இன்னும் பெருக்கும். நாடா இன்னும் நீளும். கண்ணாடியும் மரபிழையும் நாளை எழுதுபொருளாகும். பொருள் மாறுவதைத் தமிழர் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் கண்டுவிட்டனர். அதனால் மொழி அழியவில்லை. அழிந்தவை யாவும் பெயர்த்தெழுதுவார் இன்மையாலும், படி ஒன்றாய் இருந்தமையாலும், திறவுகோல் பிறர் கையில் இருந்தமையாலுமே அழிந்தன. இம் மூன்று குறைகளையும் நீக்கும் நிறுவனம் எப்பொறி வரினும் வாழும். நீக்காத நிறுவனம், தன் நினைவைத் தானே காணக் கூலி கொடுத்துப் பிறன் வாயிலில் நிற்கும். தமிழ் நிறுவனம் ஒவ்வொன்றும் இன்றே தன் கிடங்கின் கதவருகே சென்று, திறவுகோல் எவர் இடுப்பில் உள்ளது என்று பார்க்கட்டும்.